கூரை இல்லாதவனுக்குச் சூரியன் இல்லையா?



உங்கள் வீட்டு மின்கட்டண பில்லை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கட்ட வேண்டிய தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். மாதம் 300 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தும் வீடாக இருந்தால், அதில் கே.டபிள்யூ.டி.பி.பி. என்ற ஐந்து எழுத்துகளும், 1.6 விழுக்காடு என்ற கணக்கும் இருக்கும். கும்புலான் வாங் தெனாகா போலே பஹாரு என்பதன் சுருக்கம் அது. தமிழில் சொன்னால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி. சூரிய ஒளி போன்றவற்றிலிருந்து மின்சாரம் எடுத்து விற்பவர்களுக்குப் பணம் கொடுப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட நிதி.

பில்லில் அது ஒரு வரி. நமக்கும் அது ஒரு வரிதான்!

மாதம் ஓரிரு வெள்ளிதானே என்று நீங்கள் கேட்கலாம். தொகை சிறியதுதான். ஆனால் நாடு முழுவதும் பல ஆண்டுகளாக வசூலிக்கப்படும் பணம் அது. அதை யார் போடுகிறார்கள், யார் எடுக்கிறார்கள் என்று கேட்பதற்குப் பணம் போடுகிற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. நம் மக்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. சோலார் என்றால் பணக்காரர் சமாச்சாரம், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒதுங்கிவிட்டோம். பணம் போடும் இடத்தில் சம்பந்தம் உண்டு. எடுக்கும் இடத்தில் மட்டும் இல்லை. இதுதான் பிரச்சினை.

யூனிட்டுக்கு ஒரு வெள்ளி 23 சென்

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 2011இல் நாடாளுமன்றம் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, கூரையில் சோலார் தகடு போட்டவர்களிடமிருந்து மின்சாரத்தை நல்ல விலைக்கு வாங்கும் திட்டம் தொடங்கியது. செடா என்ற அரசாங்க அமைப்பு இதை நடத்தியது. 4 கிலோவாட் வரையிலான சிறிய அமைப்புக்கு ஒரு யூனிட்டுக்குக் கொடுத்த அடிப்படை விலை ஒரு வெள்ளி 23 சென். ஒப்பந்தம் 21 ஆண்டுகளுக்கு. அதே காலத்தில் தீபகற்பத்தில் நாம் தெனாகாவிடம் வாங்கிய முதல் 200 யூனிட்டின் விலை, யூனிட்டுக்கு 21.8 சென்.

21.8 சென்னுக்கு வாங்கி, ஒரு வெள்ளி 23 சென்னுக்கு விற்கலாம்! இப்படி ஒரு வியாபாரம் உலகத்தில் எங்கே கிடைக்கும்? அன்று கையில் முதல் இருந்தவர்கள், சொந்தக் கூரை இருந்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். 2011இல் சேர்ந்தவருக்கு 2032 வரை இந்தப் பணம் வரும். பணம் எங்கிருந்து வருகிறது? மேலே சொன்ன நிதியிலிருந்துதான். 1 விழுக்காடாகத் தொடங்கிய அந்தக் கூடுதல் கட்டணம் 2014 ஜனவரி முதல் 1.6 விழுக்காடாக உயர்ந்தது.

நியாயமாகப் பேசுவோம். 300 யூனிட்டும் அதற்குக் குறைவாகவும் பயன்படுத்தும் வீடுகளுக்கு இந்தக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. மிகவும் ஏழைப்பட்டவர்களை அது காப்பாற்றுகிறது. ஆனால் மாடி வீட்டில் பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஆறேழு பேர் குடியிருக்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பழைய குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், நாள் முழுக்கச் சுற்றும் நான்கு காற்றாடி, இரவில் ஓர் ஏர்கோன். அந்த வீடு 300ஐத் தாண்டிவிடும். அதன் பிறகு அவர்களும் சந்தாதாரர்கள்தான். பெயர்தான் பயனாளிகள் பட்டியலில் வராது.

ஒவ்வொரு திட்டத்திலும் ஒரே நிபந்தனை

சோலாரிடமிருந்து அதிக விலைக்கு வாங்கும் அந்தத் திட்டத்திற்குப் பிறகு வேறு முறை வந்தது. 2016இல் நெம் என்ற திட்டம் தொடங்கியது. கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தை நீங்கள் முதலில் பயன்படுத்திக்கொள்கிறீர்கள். மிஞ்சியதைத் தெனாகாவுக்கு அனுப்புகிறீர்கள். அது பில்லில் கழிக்கப்படுகிறது. 2019 முதல் ஒரு யூனிட் அனுப்பினால் ஒரு யூனிட் கழிவு என்று ஆனது. 2021இல் வீடுகளுக்கென்று நெம் ரக்யாட் வந்தது. அதில் இந்தச் சலுகை 10 ஆண்டுகளுக்கு. 2024 ஏப்ரலில் சோலாரிஸ் என்ற பெயரில் ரொக்கக் கழிவும் வந்தது. கிலோவாட்டுக்கு 1,000 வெள்ளி, ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 4,000 வெள்ளி.

நெம் திட்டம் 2025 ஜூன் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. 2026 ஜனவரி 1 முதல் சோலார் அதாப் என்ற புதிய திட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. இதிலும் மிஞ்சிய மின்சாரத்திற்குக் கழிவு உண்டு. ஆனால் பழைய திட்டத்தைவிட இது இறுக்கமானது. ஒரு மாதத்தில் மிஞ்சிய கழிவை அடுத்த மாதத்திற்குக் கொண்டுபோக முடியாது. பகலில் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு லாபம் குறையும்.

பெயர்கள் மாறின. விலை மாறியது. மாறாதது ஒன்றுதான்: சொந்தமாகக் கூரை இருக்க வேண்டும், முதலில் கையிலிருந்து பணம் போட வேண்டும். ரக்யாட் என்றால் மக்கள். கூரை இல்லாதவன் எந்த மக்கள்?

நம் வீட்டுக் கணக்கு

கூரை இருந்தாலும் கணக்கு எல்லாருக்கும் ஒன்றாக வராது. இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் புதிய கட்டண முறை நடப்பில் இருக்கிறது. சாதாரண வீட்டுக்கு எரிசக்தி, கொள்திறன், கட்டமைப்பு என்ற மூன்று கட்டணங்களையும் கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென். குறைவாகப் பயன்படுத்துவோருக்கு இதிலிருந்து சிக்கனக் கழிவு கிடைக்கிறது. 200 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு யூனிட்டுக்கு 25 சென் கழிவு. ஆக, 200 யூனிட் வீட்டின் பில் ஏறக்குறைய 39 வெள்ளி.

இந்த வீடு சோலார் போட்டு, பில் முழுவதுமே இல்லாமல் போனதாக வைத்துக்கொள்வோம். மிச்சம் மாதம் 39 வெள்ளி. தகடு போட 15,000 வெள்ளி செலவானது என்றால், போட்ட பணம் திரும்பி வர 32 ஆண்டுகள். தகடு உழைப்பதாகச் சொல்லப்படுவதோ 25 ஆண்டுகள்தான்!

மாதம் 1,000 யூனிட் பயன்படுத்தும் பெரிய வீட்டுக்கு வருவோம். மூன்று ஏர்கோன், பகலிலும் ஆள் இருக்கும் வீடு. நம் வெயிலுக்கு 4 கிலோவாட் தகடு மாதம் சுமார் 400 யூனிட் தரும். அதை அவர்களே பயன்படுத்தினால் யூனிட்டுக்கு 44 சென் வீதம் மாதம் 176 வெள்ளி மிச்சம். அதே 15,000 வெள்ளி ஏழே ஆண்டுகளில் திரும்பிவிடும். பிறகு வருவதெல்லாம் லாபம்.

இதில் சதி எதுவும் இல்லை. ஏழைக்கு மின்சாரம் மலிவாகக் கிடைப்பதால் வரும் விளைவு இது. அந்த மலிவு விலை நமக்கு வேண்டும். அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் ஒன்று தெளிவாகிறது. பில்லில் கழிப்பது என்ற வடிவத்தில் எத்தனை சலுகை அறிவித்தாலும், அதிகம் செலவழிக்கிறவருக்குத்தான் அதிகம் போகும். நமக்கு வேறு வடிவத்தில் உதவி வேண்டும்.

கூரை யாருடையது?

தோட்டத்தில் இருந்தபோது லயத்து வீட்டின் கூரை கம்பெனிக்குச் சொந்தம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது நம் மக்கள் வெளியேறினார்கள். நீண்ட வீடுகளில் தற்காலிகம் என்று சொல்லப்பட்டு ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். பிறகு மாடி வீடு கிடைத்தது. மாடி வீட்டின் கூரை எல்லாருக்கும் பொது. எல்லாருக்கும் பொது என்றால் நடைமுறையில் யாருக்கும் இல்லை!

சட்டம் இப்படித்தான் சொல்கிறது. அடுக்குமாடியில் உங்கள் வீட்டின் நான்கு சுவருக்குள் இருப்பது உங்களுடையது. கூரை, படிக்கட்டு, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொதுச் சொத்து. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை நிர்வாகக் குழுவிடம் கொடுக்கிறது. ஐந்தாவது மாடியில் இருக்கும் நீங்கள் தனியாகப் போய்த் தகடு மாட்ட முடியாது. பி.பி.ஆர். வீட்டில் 124 வெள்ளி வாடகைக்கு இருப்பவருக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தாமானில் வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். நாளை வீட்டைக் காலி செய்யச் சொன்னால் தகடு யாருக்கு? இன்னும் தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கு, கூரை இன்றும் கம்பெனிக்குச் சொந்தம்.

விண்ணப்பப் பாரத்தில் இனம் கேட்கவில்லையே, எல்லாருக்கும்தானே திறந்திருக்கிறது என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான். கதவு திறந்திருக்கிறது. ஆனால் அந்தக் கதவு தரை வீட்டில் இருக்கிறது. இதை எதிர்த்து வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. இது நீதிமன்றத்தில் தீரும் விஷயமல்ல. கொள்கை வகுக்கும் மேசையில் நம் வாழ்க்கையைத் தெரிந்தவர்கள் இல்லாததால் வந்த விஷயம். மாடி வீட்டில் மலாய்க்காரரும் இருக்கிறார், சீனரும் இருக்கிறார். அவர்களுக்கும் இதே கதிதான். அதனால் நாம் கேட்பது தமிழனுக்குத் தனிச் சலுகை அல்ல. கூரை இல்லாத எல்லாருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

பக்கத்து நாட்டில் முடிகிறதே!

மாடி வீட்டுக்காரர்களுக்குச் சோலார் ஒத்துவராது என்று யாராவது சொன்னால் ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 2014இல் சோலார்நோவா என்ற திட்டம் தொடங்கப்பட்டது. வீவக அடுக்குமாடிகளின் கூரைகளில் தகடுகள் பொருத்தப்பட்டன. குடியிருப்பவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பணம் போடவில்லை. பல அரசாங்க அமைப்புகளின் தேவையை ஒன்றாகச் சேர்த்து மொத்தமாக டெண்டர் விட்டார்கள். அந்த மின்சாரம் பகலில் லிஃப்ட், நடைபாதை விளக்கு, தண்ணீர்ப் பம்பு போன்ற பொது வசதிகளுக்குப் பயன்படுகிறது.

நம் நாட்டு மலிவு விலை மாடி வீடுகளில் லிஃப்ட் கெட்டுப்போய் முதியவர்கள் படியேறிச் சாகிற கதை உங்களுக்குப் புதிதல்ல. பொது மின்சாரக் கட்டணம் கட்ட முடியாமல் நிர்வாகம் திணறுகிறது. பராமரிப்புக் கட்டணம் வசூலாவதில்லை. வசூலாகாததால் பராமரிப்பு நடப்பதில்லை. இந்தச் சுழலில் சிக்கிய ஒரு புளோக்கின் கூரையில் தகடு போட்டு, பம்புக்கும் லிஃப்டுக்கும் பகல் நேர மின்சாரம் கொடுத்தால், அந்தச் சலுகை ஒரு வீட்டுக்குப் போகாது. அந்தப் புளோக்கில் இருக்கும் அத்தனை குடும்பத்துக்கும் போகும். வெயில் நமக்கும் அதே வெயில்தான்.

தரை வீடு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை

நம்மவர்களிலும் தாமான்களில் சொந்த வீடு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நல்ல விஷயம். சோலார் உங்களுக்கு ஒத்துவரலாம். ஆனால் கையெழுத்துப் போடுமுன் கவனியுங்கள்.

எங்கள் சட்ட உதவி முகாமுக்கு ஓர் அம்மா ஒப்பந்தத்தோடு வந்தார். பாசார் மாலாமில் ஒரு சோலார் நிறுவனத்தின் ஆள், முன்பணம் தேவையில்லை, பில் இனிமேல் வரவே வராது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். படித்துப் பார்த்தால் அது பல ஆண்டு குத்தகை. மாதாமாதம் அவர் கட்ட வேண்டிய தொகை அவருடைய பழைய பில்லைவிட அதிகம். இப்படிப்பட்டவர்கள் நம் தாமான்களிலும் சுற்றுகிறார்கள்.

ஆகவே இவற்றைச் செய்யுங்கள்:

1. கடந்த 12 மாத பில்லை எடுத்து வையுங்கள். மாதம் 300 யூனிட்டுக்குள் இருந்தால் உங்களுக்குச் சோலார் அவசியமில்லை. யார் என்ன சொன்னாலும் கணக்கு மாறாது.

2. பகலில் வீட்டில் மின்சாரம் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். புதிய திட்டத்தில் பகலில் பயன்படுத்துவதுதான் உண்மையான மிச்சம்.

3. நிறுவனம் செடாவில் பதிந்திருக்கிறதா என்று செடாவிடமே விசாரியுங்கள். விற்பனையாளர் காட்டும் தாளை நம்பாதீர்கள்.

4. பழைய மலிவு விலைத் தரை வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கும். அதன் மேல் தகடு ஏற்றலாமா என்று தகுதியுள்ளவர் பார்த்துச் சொல்லாமல் தொடாதீர்கள். கூரை ஒழுகினால் யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

5. குத்தகை என்றால், வீட்டை விற்கும்போது என்ன ஆகும், இடையில் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள்.

6. வீடு தேடி வந்து விற்றார்களா? 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டத்தின்படி 300 வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ள அத்தகைய ஒப்பந்தத்தை 10 வேலை நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. ரத்தை எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

7. ஏமாந்துவிட்டோம் என்று வீட்டில் உட்கார்ந்து அழாதீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை நீங்களே பதியலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை.

நாம் கேட்க வேண்டியது என்ன?

முதலாவது, கணக்கு. 2011 முதல் இன்றுவரை வீட்டு சோலார் சலுகை பெற்றவர்களில் எத்தனை பேர் குறைந்த வருமானக்காரர்கள்? எத்தனை பேர் அடுக்குமாடியில் இருப்பவர்கள்? மாநிலவாரியாக எவ்வளவு? உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், மக்களவையில் இந்தக் கேள்வியை எழுப்பச் சொல்லிக் கடிதம் எழுதுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் காற்றோடு போகும். எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

இரண்டாவது, பி.பி.ஆர். மற்றும் மலிவு விலை அடுக்குமாடிகளின் பொது மின்சாரத்திற்கு அரசாங்கச் செலவில் சோலார். மிச்சமாகும் பணம் லிஃப்டுக்கும் பம்புக்கும்தான் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மூன்றாவது, ஒரு கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தின் கழிவை அந்தப் புளோக்கில் உள்ள வீடுகளின் பில்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் முறை. வாடகைக்கு இருப்பவருக்கும் அதில் பங்கு.

நான்காவது, இனி ரொக்கக் கழிவு அறிவித்தால் முந்தி வந்தவருக்கே என்று வைக்காமல், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கி வைக்க வேண்டும். முதலில் நீ செலவழி, பிறகு நான் திருப்பித் தருகிறேன் என்பது இல்லாதவனுக்கு உதவியே அல்ல.

ஐந்தாவது, தோட்ட வீடுகள். தொழிலாளி குடியிருக்கும் தோட்ட வீட்டுக்குத் தண்ணீரும் மின்சாரமும் கொடுக்க வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446இல் முதலாளியின் கடமை. பசுமைத் தொழில்நுட்ப முதலீட்டுக்கு நிறுவனங்கள் வரிச்சலுகை பெறுகின்றன. அதைப் பயன்படுத்திக் கொள்ளும் தோட்ட நிறுவனம், ஆபீஸ் கூரையோடு நிற்காமல் தொழிலாளியின் வீட்டுக் கூரைக்கும் வர வேண்டும்.

இவையெல்லாம் மேலிருந்து தானாக வராது. கீழிருந்து செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் மாடிக் குடியிருப்பின் ஆண்டுக் கூட்டத்திற்குப் போங்கள். நம்மவர்கள் போவதே இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். கூரையில் சோலார் போடுவதற்கான சாத்தியத்தை ஆராய வேண்டும் என்று ஒரு தீர்மானத்தைக் கூட்டத்திற்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். பராமரிப்புக் கட்டணப் பாக்கி வைத்திருந்தால் ஓட்டுப் போடும் உரிமை போய்விடும் என்பதை மறக்காதீர்கள். முடியாவிட்டால் நிர்வாகத்தோடு பேசித் தவணை கேளுங்கள். ஆனால் ஓட்டை இழக்காதீர்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அண்ணனையும் கீழ்மாடிச் சீன அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் கெட்டால் அவர்களும்தான் படியேறுகிறார்கள்.

சலுகை என்ற சொல்லைக் கேட்டதும் கையேந்தும் நினைப்பு நமக்கு வந்துவிடுகிறது. இது பிச்சை அல்ல. மாதாமாதம் நாமும் பணம் போட்ட நிதி, நாமும் வரி கட்டிய அரசாங்கம். போட்டவன் பங்கு கேட்கிறான், அவ்வளவுதான். உங்கள் குடியிருப்பின் அடுத்த ஆண்டுக் கூட்டம் எந்தத் தேதி என்று இன்றே விசாரித்து வையுங்கள்.